அளவுகோல் நிற்கும் இடம்: காவிரி நீர்ப்பகிர்வில் தகவலும் அதிகாரமும்

முன்னுரை

ஆற்றின் மேற்பகுதி அரசு நீரிருப்பை முன்னதாகவே அறிகிறது. கடைமடை உழவரோ வாய்க்கால் வறண்ட பின்னரே அறிகிறார். இவ்வேறுபாட்டைக் குறைக்க மக்களாட்சி அமைப்புகள் மேற்கொண்ட முயற்சியைக் காவிரி வழக்கின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவிடும் இடம்

1924ஆம் ஆண்டின் மைசூர்–சென்னை ஒப்பந்தம், கிருஷ்ணராஜசாகரில் நீர் தேக்குமுன் உறுதிசெய்ய வேண்டிய குறைந்தபட்ச நீரோட்டத்தை முக்கொம்பு மேலணையின் நீர்மட்டத்தைக் கொண்டு மாதவாரியாக வரையறுத்தது. டெல்டாவின் தலைவாயிலில் நின்ற அளவுகோல் மைசூர் அணையின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தியது எனலாம்.

நடுவர் மன்றத்தின் 1991ஆம் ஆண்டு இடைக்கால ஆணை 205 டிஎம்சி நீரை மேட்டூரில் கணக்கிட்டது. 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பு, மத்திய நீர் ஆணையத்தின் பிலிகுண்டுலு நிலையத்தில் 192 டிஎம்சி என வகுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75 டிஎம்சியில் 10 டிஎம்சி, தமிழகத்தின் நிலத்தடி நீர் கணக்கில் கொள்ளப்பட்டதால் நேர்ந்தது. ஒரு மதிப்பீடு பங்கின் அளவையே மாற்றவல்லது என்பதற்கு இது சான்றாகும்.

அளவும் நம்பிக்கையும்

2018 ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. அதன் ஒழுங்காற்றுக் குழுவில் தொடர்புடைய மாநிலங்கள் அனைத்தும் இடம்பெற்று, எட்டு அணைகளின் நீர்வரத்தையும் இருப்பையும் ஒருசேரக் காண்கின்றன. ஆயினும் 2023இல் மழை பொய்த்தபோது சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. மாநிலங்களிடம் அணைகளின் அளவுகள் இருந்தன; பற்றாக்குறையை எவ்வாறு பகிர்வது என்பதில் உடன்பாடு இல்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறப்பை நம்பி விதைத்த குறுவைப் பயிர் பல இடங்களில் கருகியது.

அளவுகளுக்குரிய விளக்கம் மக்களைச் சென்றடையாத இடத்தை வதந்தி நிரப்புகிறது. 2016 செப்டம்பரில் கைப்பேசிகளில் பரவிய தாக்குதல் காணொளிகள் இரு மாநிலங்களிலும் சினத்தை மூட்டின. பெங்களூருவில் தமிழகப் பதிவெண் கொண்ட வாகனங்கள் எரிக்கப்பட்டன.

நாடுகளிடையே

2017இல் டோக்லாம் பிணக்கின்போது, பிரம்மபுத்திரா நீரியல் தரவுகள் சீனாவிடமிருந்து வரவில்லை என இந்தியா தெரிவித்தது. தரவைப் பெற அங்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் மட்டுமே இருந்தது. காவிரியிலோ முறையிட நீதிமன்றமும் ஆணையமும் உள்ளன.

முடிவுரை

தரவை மறைப்பது மக்களாட்சிக்கு வலிமையாகாது. எதிர்த்தரப்பும் சரிபார்க்கக்கூடிய அளவீடு, பற்றாக்குறைக் காலத்துக்கென முன்கூட்டியே ஏற்கப்பட்ட பகிர்வு விதி, விதைப்புக்கு முன் உழவரைச் சென்றடையும் எளிய அறிவிப்பு ஆகிய மூன்றும் தேவை. முதலாவது பெருமளவு கைகூடியுள்ளது. எஞ்சிய இரண்டும் கைகூடாதவரை, தகவல் குறைபாட்டின் இழப்பைத் தஞ்சை உழவரே சுமக்க நேரும்.