நள்ளிரவுத் திரைப்படங்கள்

1970களில் அமெரிக்க நகரங்களின் சிறு திரையரங்குகளில் நள்ளிரவை ஒட்டித் தனிக்காட்சியாக ஓட்டப்பட்டு, திரும்பத் திரும்ப வந்து பார்க்கும் ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்ட படங்கள் இவ்வாறு அழைக்கப்படுகின்றன. ‘கல்ட் படம்’ என்று இன்று சொல்லப்படும் வகை இந்தக் காட்சிகளில்தான் உருப்பெற்றது. நம் ஊரில் இரண்டாம் ஆட்டம் முடியும் நேரத்தில் அங்கே படம் தொடங்கியது.

தொடக்கப் புள்ளியாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1970 டிசம்பர். நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் இருந்த எல்ஜின் திரையரங்கை நடத்திவந்த பென் பாரன்ஹோல்ட்ஸ், அலெஹாந்த்ரோ ஹோடரோவ்ஸ்கி மெக்ஸிகோவில் எடுத்த ‘எல் டோப்போ’ படத்தை அங்கே நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார். குதிரை, துப்பாக்கி, பாலைவனம் எல்லாம் இருந்தாலும் அது கௌபாய் படமல்ல; ரத்தமும் வேதாகமக் குறியீடுகளும் கலந்த ஒரு மயக்கம். விளம்பரம் பெரிதாக இல்லை. பார்த்தவர் சொல்லிப் பார்க்காதவர் வந்தார், அரங்கு நிரம்பியது. 1971 ஜூன் வரை படம் ஓடியது.

அந்தக் கூட்டத்தில் ஜான் லெனனும் இருந்தார். அவர் பரிந்துரைத்ததன் பேரில் பீட்டில்ஸின் மேலாளராக இருந்த ஆலன் கிளைன் படத்தின் உரிமையை வாங்கி, பிராட்வே பகுதியில் வழக்கமான காட்சிகளில் வெளியிட்டார். படம் எடுபடவில்லை. பகலில் தோற்ற அதே படம்தான் இரவில் ஆறு மாதம் ஓடியது என்பதை விநியோகஸ்தர்கள் கவனித்திருக்க வேண்டும். பிறகு கிளைனுக்கும் ஹோடரோவ்ஸ்கிக்கும் மனக்கசப்பு வந்தது. ‘எல் டோப்போ’, ‘தி ஹோலி மவுண்டன்’ (1973) இரண்டையும் கிளைன் முடக்கி வைத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவை கள்ளப் பிரதிகளில் மட்டுமே உலவின. சமரசம் ஏற்பட்ட பின், 2007இல் முறையான டிவிடி வந்தது.

இதற்கு நேர்மாறானது ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968). பிட்ஸ்பர்க் அருகே குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பேய்ப்படம். விநியோக நிறுவனம் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையோடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் உரிமை இல்லை. படம் பொதுச்சொத்தானது. எடுத்தவர்களுக்குப் பெரும் நட்டம். படத்துக்கோ அதுவே ஆயுள். யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு ஓட்டலாம் என்ற நிலையில் அது போகாத ஊர் இல்லை. உரிமையாளர் இருந்ததால் ஒரு படம் மறைந்தது, இல்லாததால் இன்னொன்று பரவியது. இந்த வகைப் படங்களின் வரலாற்றில் ரசனையைவிடப் பத்திரங்களே பல இடங்களில் தீர்ப்பு எழுதியிருக்கின்றன.

எல்ஜினைத் தொடர்ந்து வந்தவற்றில் ஜான் வாட்டர்ஸின் ‘பிங்க் ஃபிளமிங்கோஸ்’ (1972), ஜமைக்காவின் பெரி ஹென்ஸல் இயக்கிய ‘தி ஹார்டர் தே கம்’ (1972), டேவிட் லிஞ்ச் பல ஆண்டுகள் எடுத்த ‘இரேசர்ஹெட்’ (1977) ஆகியவை முக்கியமானவை. புகழில் எல்லாவற்றையும் மிஞ்சியது ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’. 1975இல் வெளியாகித் தோற்ற இது, 1976 ஏப்ரல் 1 முதல் நியூயார்க்கின் வேவர்லி அரங்கில் நள்ளிரவுக் காட்சியானது. பார்வையாளர்கள் வேடம் கட்டி வந்தார்கள்; திரையில் கல்யாணம் நடந்தால் அரிசி வீசினார்கள், வசனத்துக்கு எதிர்வசனம் கத்தினார்கள். இன்றும் அப்படியே நடக்கிறது. படம் என்ற அளவில் மற்றவற்றைவிடச் சாதாரணமானது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அங்கே படத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

எல்ஜின் 1978இல் மூடப்பட்டு, 1982இல் ஜாய்ஸ் என்ற நடன அரங்காக மாறியது. 1980களில் வீடியோ கேசட் வந்ததும் நள்ளிரவுக் காட்சிக்கு அவசியம் குறைந்தது. இத்தகைய படங்களுக்கான தேடல் வீடியோ கடைகளின் அலமாரிகளுக்கு இடம் மாறியது. டேனி பியரியின் ‘கல்ட் மூவிஸ்’ (1981) போன்ற நூல்கள் தேடுவோருக்குப் பட்டியலாயின.

அதன் பிறகு தேடல் என்பது காணாமற்போன படப்பெட்டிகளைத் தேடுவதாயிற்று. பிரிட்டனின் ‘தி விக்கர் மேன்’ (1973) வெட்டப்பட்டு, வேறொரு படத்தோடு துணைப்படமாக வெளியானது. வெட்டிய பகுதிகளின் நெகடிவ் ஒரு நெடுஞ்சாலைக்கு அடியில் புதைந்திருப்பதாகக் கதை உண்டு. நீளமான வடிவம் ஒன்று அமெரிக்கத் தயாரிப்பாளர் ராஜர் கோர்மனிடம் இருந்த பிரதியால் பிழைத்தது; ஹார்வர்ட் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்த வேறொரு பிரதி 2013 பதிப்புக்கு உதவியது.

ஆஸ்திரேலியாவின் ‘வேக் இன் ஃபிரைட்’ (1971) மயிரிழையில் தப்பியது. டெட் கோட்செஃப் இயக்கி, கான் விழாவின் போட்டிப் பிரிவில் காட்டப்பட்ட படம். உள்நாட்டில் வசூல் இல்லை. தங்கள் நாட்டுக் குடிவெறியையும் கங்காரு வேட்டையையும் அப்படிக் காண மக்கள் விரும்பவில்லை. நல்ல பிரதி ஒன்றும் மிஞ்சாத நிலையில் படத்தொகுப்பாளர் ஆண்டனி பக்லி 1990களில் தேடத் தொடங்கினார். பல ஆண்டுகளுக்குப் பின் பிட்ஸ்பர்க்கில் ஒரு கிடங்கில், ‘அழிப்பதற்கு’ என்று எழுதப்பட்ட பெட்டிகளில் நெகடிவ் கிடைத்தது. செப்பனிட்ட படம் 2009இல் மறுபடி கானில் ஓடியது.

சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ தொலையவில்லை; இருந்தும் பார்க்க முடியவில்லை. லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் வாரயிறுதிகளில் எடுத்த மாணவர் படம் அது. பின்னணியில் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமை வாங்காததால் முறையாக வெளியிட முடியவில்லை. 2007இல் வெளியிட்டபோது பாடல் உரிமைக்கு மட்டும் சுமார் 1,50,000 டாலர் ஆனது. மொத்தப் படத்தின் செலவே 10,000 டாலருக்குள்தான்.

இந்த மீட்புப் பணி இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. அரவிந்தனின் மலையாளப் படம் ‘தம்பு’ (1978) அசல் நெகடிவ் இல்லாத நிலையில், புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதியிலிருந்து எடுத்த நெகடிவைக் கொண்டு சீரமைக்கப்பட்டது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மேற்கொண்ட அந்த வேலை சென்னையில், பிரசாத் நிறுவனத்தில் நடந்தது. படம் 2022இல் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் திரையிடப்பட்டது.