காட்டு நெல் (ஒரைசா நிவாரா)

ஒரைசா நிவாரா நாம் பயிரிடும் நெல்லுக்கு மிக நெருங்கிய உறவான ஓராண்டுப் புல். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வரை, கோடையில் வற்றும் குட்டைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் தானாக முளைக்கிறது. சர்மா, சாஸ்திரி என்ற இந்திய அறிவியலாளர்கள் 1965இல் இதைத் தனி இனமாக விவரித்தனர்.

இளம்பருவத்தில் இதை வயல் நெல்லிலிருந்து பிரித்தறிவது கடினம். கதிர் வந்ததும் மணி நுனியின் நீண்ட வாலும் சிவந்த அரிசியும் காட்டிக்கொடுத்துவிடும். முற்றிய மணி கதிரில் நிற்பதில்லை. சேற்றில் உதிர்ந்து, உறக்கத்தில் கிடந்து, மழைக்கு முளைக்கும். வயல் நெல்லோடு எளிதில் கலந்து, உதிரும் குணமுள்ள களை நெல்லையும் உண்டாக்குகிறது. உழவர் இதை வெறுப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் இதே நெல்லுக்குச் சத்தீஸ்கரில் தனி மதிப்பு. ஆவணித் தேய்பிறைச் சஷ்டியில் பிள்ளைகளின் நலம் வேண்டித் தாய்மார் அங்கே கமர்சட் நோன்பு இருக்கிறார்கள். அது கலப்பை ஏந்திய பலராமனின் பிறந்தநாள் என்பதால் ஏர் உழுத நிலத்தில் விளைந்த எதையும் அன்று உண்பதில்லை. பசஹர் எனப்படும் காட்டு நெல்லரிசிச் சோறும் எருமைத் தயிரும்தான் உணவு. உத்தரப்பிரதேசத்திலும் தின்னி என்ற பெயரில் இத்தகைய அரிசி விரத உணவாகிறது. மணி உதிர்வதால் வழக்கமான அறுவடை இதற்கு ஒத்துவராது. உதிருமுன் கதிர்களைச் சேர்த்துக் கட்டிவைப்பார்கள். அல்லது கூடையால் வாரித் தட்டி மணிகளை ஏந்திக்கொள்வார்கள். கிடைப்பது கொஞ்சம், உழைப்பு அதிகம். விலை சாதாரண அரிசியைவிடப் பல மடங்கு.

இப்புல்லின் மிகப்பெரிய உதவி நோன்பிருப்போருக்கு மட்டும் உரியதன்று. 1970களில் புகையான் என்ற பூச்சி பரப்பிய புல்தழைக் குட்டை நோய் ஆசிய நெல்வயல்களை அழித்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைச் சோதித்தது. இந்தியாவில் சேகரித்த ஒரேயொரு ஒரைசா நிவாரா மாதிரியில்தான் வலுவான எதிர்ப்புத்திறன் கிடைத்தது. அந்நிறுவனத்தின் குர்தேவ் குஷ் குழுவினர் அந்தத் திறனை வயல் நெல்லுக்கு மாற்றினர். அவ்வழியில் வந்த ஐ.ஆர். 36 என்ற நெல் ரகம் பிலிப்பைன்ஸில் 1976இல் வெளியாகி, 1980களில் உலக அளவில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிரானது.

சேகரித்த விதைகள் இன்று விதை வங்கிகளில் குளிரூட்டிக் காக்கப்படுகின்றன. அது மட்டும் போதாது. குட்டையில் வாழும் செடி, புதிய பூச்சிகளையும் நோய்களையும் எதிர்கொண்டு தலைமுறைதோறும் மாறிக்கொண்டிருக்கிறது. குட்டையைத் தூர்த்து மனையாக்கும்போது அந்த மாற்றம் அங்கேயே நின்றுவிடுகிறது.