வயலுக்கும் யூரியா, காலுக்கும் யூரியா

பெங்களூருக்குக் குடிவந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு முதல் குளிர்காலத்திலேயே ஒரு விஷயம் புரிந்துவிடும். புழுக்கத்தில் வளர்ந்த உடம்பு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரின் காய்ந்த காற்றைத் தாங்காது. கைகால் வெளுத்துப் போகும். குதிகாலில் பித்தவெடிப்பு வரும்.

ஊரிலிருந்து வந்து தங்கிய அம்மாவுக்கும் அதேதான். தேங்காய் எண்ணெய் தடவித் தடவிப் பார்த்தும் வெடிப்பு மூடவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த ட்யூபைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, வயலுக்குப் போடுற யூரியாவையா காலுக்குப் போடச் சொல்றாரு?" என்றார். நியாயமான கேள்விதானே! தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன்.

யூரியா நம் உடம்பே தயாரிக்கும் பொருள். 1773-இல் பிரான்சின் ஹிலேர் ரூவெல் அதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார். இதெல்லாம் உயிருள்ள உடம்பில்தான் உண்டாகும் என்று நம்பிய காலம் அது. 1828-இல் ஜெர்மானியர் வோலர் அதைச் சோதனைச் சாலையிலேயே செய்து காட்டினார். பின்னர் அது தொழிற்சாலைச் சரக்கானது. நம் பக்கம் 1960, 70களில் நெய்வேலி, மணலி, தூத்துக்குடியில் யூரியா ஆலைகள் வந்தன. அம்மாவுக்குத் தெரிந்தது இந்த மூட்டை யூரியாதான்.

மருத்துவத்தில் அது வேறு பாதையில் வந்தது. 1943-லேயே அமெரிக்காவில் ராட்னர் என்ற தோல் மருத்துவர் கைக்குப் பூசும் யூரியா கிரீம் பற்றி எழுதினார். 1952-இல் இர்வின் பிளாங்க் எளிமையான ஒரு சோதனை செய்தார். காய்ந்து விறைத்த காய்ப்புத் தோல் துண்டுகளை எண்ணெயில் ஊறவைத்தால் விறைப்பு அப்படியே இருந்தது. தண்ணீர் ஏறியதும் இளகின. ஆக, தோலை மென்மையாக்குவது தண்ணீர். எண்ணெயின் வேலை அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் மூடிவைப்பது மட்டுமே. காய்ந்த காலில் எண்ணெய் தடவினால் மூடிவைக்க உள்ளே என்ன இருக்கிறது?

தண்ணீரைப் பிடித்துவைக்க நம் மேல்தோலில் இயற்கையாக இருக்கும் பொருள்களில் ஒன்று யூரியா. 1968-இல் ஸ்வீடனின் குன்னார் ஸ்வான்பெக், தோல் மீன்செதில் போல் ஆகும் இக்தியோசிஸ் நோய்க்கு யூரியா கிரீமைப் பயன்படுத்தி எழுதிய பிறகு அது பரவலானது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 5, 10 சதவீத யூரியா கிரீம் இருக்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலையே கரைக்கும். அதை டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது.

இதே பாடம் பெங்களூருக்குப் பக்கத்து வேலூரிலும் உண்டு. 1946-இல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் காயப்பட்டுக் கெடுகின்றன என்று காட்டினார். நரம்பு செத்த காலில் வேர்வையும் சுரக்காது. தோல் காய்ந்து வெடிக்கும். அதனால்தான் தொழுநோயாளிகளுக்கு, தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் போவதற்குள் எண்ணெய் தடவச் சொல்லித் தருகிறார்கள். பிளாங்க் சோதனையில் கண்டதும் இதுதான்.

நம் வீடுகளில் இப்போது அந்த இடத்தில் சர்க்கரை நோய் இருக்கிறது. நரம்பு மரத்த காலில் வெடிப்பு வந்தால் வலிக்காது. வலிக்காததால் யாரும் பார்ப்பதில்லை. கிருமி புகுந்து புண்ணாகி, காலையே எடுக்கும் நிலை வரை போகலாம். வருடக்கணக்காகச் சர்க்கரை உள்ளவர்கள் காலை ஊறவைக்கவும் வேண்டாம். குளித்துத் துடைத்ததும், லேசான ஈரத்திலேயே கிரீம் தடவினால் போதும். விரலிடுக்கில் வேண்டாம். ரத்தம் கசியும் வெடிப்பில் எரியும், அதற்கு டாக்டரைப் பாருங்கள். உர மூட்டையிலிருந்து எடுத்துக் கரைக்கும் விபரீத வேலை வேண்டவே வேண்டாம். 2015 முதல் நம் நாட்டு உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு உண்டு, அது தோலுக்கானதும் அல்ல.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவிடம் "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், உள்ளங்காலையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.