கருப்புக் கிடாயின் கண்

பாட்டியின் தகரப் பெட்டியில் தாத்தாவின் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. மாசாய் பக்கத்துத் தோட்டத்தில், முனீஸ்வரர் கோயில் திருவிழா அன்று எடுத்தது. பாட்டி சொல்கிற கணக்குப்படி 1960களின் நடுப்பகுதி. உச்சி வெயில், சுண்ணாம்பு அடித்த சுவர், வெள்ளை வேட்டி, பக்கத்தில் நேர்ந்துவிட்ட கருப்புக் கிடா. வேட்டியின் மடிப்புகளை எண்ணிவிடலாம். கிடா நிற்கும் இடத்தில் நாலு காலோடு ஒரு ஓட்டைதான் தெரிகிறது. தாத்தாவின் முகமும் கிட்டத்தட்ட அப்படியே. "மாமா, ஆட்டுக்குக் கண்ணே இல்லையே" என்றாள் அக்கா மகள்.

படம் எடுத்தவரைத் திட்டிப் பயனில்லை. ஒளிமானி என்கிற கருவிக்கு ஆடும் தெரியாது, சுவரும் தெரியாது. எதைக் காட்டினாலும், விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். கருப்புக் கிடா சட்டகத்தை நிறைத்தால் வெளிச்சம் போதவில்லை என்று கூட்டிவிடும். கிடா திருநீறு பூசியது போல வெளுக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் குறைத்துவிடும். கிடா காணாமல் போகும். மானி இல்லாமல் கண்ணால் கணித்தவர்களும் சுவரையும் வேட்டியையும் பார்த்துத்தான் கணித்தார்கள்.

1940 வாக்கில் அமெரிக்காவில் அன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 10. நடுச் சாம்பல் 5. ரோமம் தெரிகிற கருப்பு ஏறக்குறைய 3. அதாவது கிடாவை மட்டும் அளந்து, மானி சொல்வதில் இரண்டு ஸ்டாப் குறைத்தால் கிடா கருப்பாகவும் இருக்கும், உயிரோடும் இருக்கும். சுவர் வெளுத்துப்போவதை ஃபிலிமைக் கழுவும்போது அடக்கிக்கொள்ளலாம். டிஜிட்டலில் நேர் எதிர்: வெள்ளையைக் காப்பாற்றி எடுத்துவிட்டு, ரா கோப்பில் நிழலைத் தூக்க வேண்டும். எப்படியானாலும் யாருக்காக அளப்பது என்று ஒருவர் முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

நம் நாட்டுக் காட்டில் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வந்தது. 1996 முதல் 2009 வரை தீபகற்ப மலேசியாவிலும் தென் தாய்லாந்திலுமாக 22 இடங்களில் தானியங்கிக் கேமராக்களில் பதிவான சிறுத்தைகளை காவானிஷி குழுவினர் தொகுத்து 2010இல் வெளியிட்டார்கள். கிரா பூசந்திக்குத் தெற்கே சிறுத்தை என்றாலே ஏறக்குறைய கருஞ்சிறுத்தைதான். ஆனால் அவற்றை எண்ண முடியவில்லை. சிறுத்தையைச் சிறுத்தையிலிருந்து பிரித்துச் சொல்வது புள்ளிகள். எல்லாம் கருப்பாக இருந்தால் பத்துப் படத்தில் இருப்பது பத்து விலங்கா, ஒன்றே பத்துமுறை வந்ததா? புள்ளி இல்லாமல் இல்லை, கருப்புக்குள் கருப்பாக இருக்கிறது. லாரி ஹெட்ஜஸ் குழுவினர் திரெங்கானுவில் கேமராவைப் பகலிலும் இரவென்று நம்பவைத்தார்கள். அகச்சிவப்பு ஒளி பட்டதும் புள்ளிகள் எழுந்து வந்தன. 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 சிறுத்தை என்று 2015இல் எழுதினார்கள். ஒரு பொறியாளனாக இந்த இடம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. விலங்கில் ஒரு குறையும் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதானே கருவியைத் திருத்தத் தோன்றும்?

ஃபிலிம் செய்தவர்களுக்கு அது லேசில் தோன்றவில்லை. கோடாக் நிறுவனம் வண்ண அச்சுகளைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்தான். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். கருப்புத் தோல் சரியாக விழுவதில்லை என்பது தெரிந்தே இருந்தது. மாற்றத்துக்கு உந்தியதோ சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும். அடர் பழுப்பின் வித்தியாசங்கள் விளம்பரத்தில் தெரியவில்லை என்ற புகார். ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதையெல்லாம் விரிவாக எழுதினார். பிறகு கோல்ட் வகை ஃபிலிம் வந்தபோது, மங்கலான ஒளியில் கருங்குதிரையின் நுணுக்கமும் பதியும் என்று பெருமை பேசினார்கள். குதிரையாம். மனிதர் என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு இது வெறும் பழங்கதை இல்லை. வேலைக்குச் சேர பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கப் போனேன். கடைக்காரர் கேட்காமலேயே என் முகத்தை இரண்டு நிறம் வெளுத்து, "இப்பதான் பளிச்சுனு இருக்கு தம்பி" என்றார். இருட்டாக விழுந்ததைத் திருத்துவது வேறு, கருப்பைத் திருத்துவது வேறு. அவருக்கு இரண்டும் ஒரே பட்டன்தான்.

தாத்தா படத்தை 16 பிட்டில் ஸ்கேன் செய்து, நிழலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். முகத்தில் கன்னமேடு வந்தது, மீசை தனியாகப் பிரிந்தது. கிடா வரவில்லை. அச்சுத் தாளில் முழுக் கருப்பாகிவிட்ட இடத்தில் தூக்குவதற்கு ஒன்றுமில்லை. நெகட்டிவ் இருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும், அது எப்போதோ தொலைந்துவிட்டது. லேப்டாப்பைப் பாட்டியிடம் காட்டினேன். தாத்தாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் கருப்பின் மேல் விரலை வைத்து, "இது கண்ணு தேன் கலர்ல இருக்கும்டா" என்றார்.