பெயர் தவறிய கொள்ளைநோய்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலே, ஈப்போ நகருக்கு அண்மையிலுள்ள பன்றிப் பண்ணைகளிற் பணிசெய்தோர் சிலர், 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியிற் கடுங் காய்ச்சலுற்றனர். தலையிடியும் வாந்தியும் மயக்கமும் தொடர்ந்தன. சிலர் சில நாள்களில் நினைவிழந்து மாண்டனர். இது மூளையழற்சி என்று வைத்தியர்கள் கூறினர். அவ்வளவில் அவர்கள் கண்டது சரியே. ஆனால், எந்த மூளையழற்சி என்ற வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைதான் பிழைத்துப் போயிற்று.

யப்பானிய மூளையழற்சி அந்நாட்டுக்குப் புதியதன்று. அதன் வைரசு பன்றியின் உடலிற் பெருகும். நுளம்பு அதனை மனிதருக்குக் காவிச் செல்லும். பண்ணையும் இருந்தது, நுளம்பும் இருந்தது. நோயாளர் சிலரின் குருதியில் அந்நோய்க்குரிய சான்றுங்கூடத் தென்பட்டது. ஆகவே அதிகாரிகள் நுளம்பை ஒழிக்கப் புகையடித்தனர். மக்களுக்குத் தடுப்பூசி ஏற்றினர். அவர்களை அசட்டையுள்ளவர்கள் என்று கூறுதல் நியாயமாகாது. தெரிந்த நோயொன்று கண்முன் நிற்கையில், தெரியாத ஒன்றைத் தேடிப் போவார் சிலரே.

எனினும், பண்ணைகளில் நிகழ்ந்தவை அந்த முடிவோடு இசையவில்லை. யப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் சிறுவரையே பற்றுவது. இங்கு வீழ்ந்தவர்களோ பெரும்பாலும் உழைக்கும் வயதினரான ஆண்கள். தடுப்பூசி ஏற்றிக்கொண்டவரும் நோயுற்றனர். அதே ஊரில் வாழ்ந்து, அதே நுளம்புக் கடிக்கு ஆளாகியும், பன்றியோடு தொடர்பில்லாத அயலவர் நலமாகவே இருந்தனர். நுளம்பு ஆள் பார்த்துக் கடிப்பதுண்டோ? எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே நோயுற்றிருந்தன. தொலைவிற் கேட்கும்படி உரக்க இருமின. யப்பானிய மூளையழற்சி வளர்ந்த பன்றியை அவ்வாறு வருத்துவதில்லை. பண்ணைக்காரர் இவற்றை நாள்தோறும் கண்ணாற் கண்டுகொண்டிருந்தனர்.

இதற்கிடையிற் பன்றிகள் லொறிகளில் ஏறித் தெற்கே சென்றன. நெகிரி செம்பிலான் மாநிலத்திலே, சிரம்பானை அடுத்த சிக்காமட்டில் டிசெம்பரில் நோய் வெளிப்பட்டது. பின்னர் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்திற் பரவி, அங்கேதான் பேரழிவு செய்தது. 1999 மார்ச்சில் சிங்கப்பூரிலும், மலேசியப் பன்றிகளை அறுத்த தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார்.

அந்த மார்ச் மாதத் தொடக்கத்திலே, மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கௌ பிங் என்னும் வைத்தியர், நோயாளர் ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து வைரசு ஒன்றைப் பிரித்தெடுத்தார். அது யப்பானிய மூளையழற்சி வைரசு அன்று. அதனை அவர் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று ஆராய்ந்தபோது, அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரை அடுத்த ஹென்றாவில் 1994இற் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற வைரசுக்கு அது நெருங்கிய உறவெனத் தெரியவந்தது. நோயாளரின் ஊரான சுங்கை நிப்பா அதற்குப் பெயர் தந்தது. நிப்பா என்பது அந்நாட்டு உப்பங்கழிகளில் வளரும் ஒருவகைப் பனை.

பகை நுளம்பன்று, பன்றியே என்று தெளிந்தபின் இராணுவம் பண்ணைகளுட் புகுந்தது. ஏறத்தாழ 11 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. மனிதரிடையே நோய் தணிந்தது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டிருந்தனர். பண்ணைக்காரரோ நோய்க்கு உறவினரையும், குழிக்கு உடைமையையும் கொடுத்து நின்றனர்.

பன்றிக்கு அந்நோய் எங்கிருந்து வந்தது? பேராதனைப் பூந்தோட்டத்து மரங்களிற் பகலெல்லாம் தலைகீழாய்த் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அவற்றுக்கு நெருங்கிய உறவான வௌவால்களின் சிறுநீரில், தியோமான் தீவிலே, இவ்வைரசு காணப்பட்டது. வௌவாலுக்கு அதனால் நோயில்லை. பேராக்கிற் பண்ணையை ஒட்டி மாமரங்களும் வளர்க்கப்பட்டன. வௌவால் கடித்த கனி பட்டியில் வீழ, அதனைப் பன்றி தின்றது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

2001இல் வங்காளதேசத்தில் நிப்பா தோன்றியபோது இடையிற் பன்றியே இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கும் அது தொற்றியது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 2018இல் வைத்தியசாலைக்குள்ளேயே அவ்வாறு பரவிற்று. வங்காளதேசத்தில் நோயுற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேர் இறந்துள்ளனர். மனிதருக்கென அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இன்றளவும் இல்லை.

அந்நாட்டிற் குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவி, முட்டி கட்டிச் சாறு இறக்குவர். விடியலில் அதனைக் காய்ச்சாமலே பருகுவர். இரவில் வௌவால்கள் வந்து அச்சாற்றை நக்குவதைக் கமராக்கள் காட்டின. இம்முறை ஆராய்ச்சியாளர், மரமேறுவோரிடமே சென்று விசாரித்தனர். சாறு கெடாதிருக்கும் பொருட்டு, அவர்களுட் சிலர் மூங்கிலால் முடைந்த தட்டியொன்றைச் சீவிய இடத்தையும் முட்டியையும் மூடிக் கட்டும் வழக்கம் முன்னரே உடையவராயிருந்தனர். அத்தட்டி கட்டிய மரங்களிற் கமரா வைத்துப் பார்த்தபோது, வௌவால்கள் சாற்றை அணுக மாட்டாமல் திரும்பிச் சென்றன.