வீடற்ற குடும்பங்களும் ஸ்தாபனங்களின் கூட்டுறவும்: நாகப்பட்டினம் தரும் சான்று

பட்டணத்து நடைபாதையில் படுத்துறங்குபவனை வீடற்றவன் என்று எல்லோரும் எளிதில் அறிந்துகொள்ளுகிறார்கள். ஆனால் பிறருக்குரிய நிலத்தில், அந்நிலத்துக்குரியவர் மனம் வைத்த அன்றே பிரித்தெறியத் தக்கதான கீற்றுக் குடிசையில் தலைமுறை தலைமுறையாக வசித்துவரும் கிராமத்துக் கூலிக் குடும்பத்தை, தலைக்கு மேல் ஏதோ ஒரு கூரை இருக்கிறது என்ற காரணத்தால், ஜனத்தொகைக் கணக்கும் வீடற்றோர் வரிசையில் சேர்ப்பதில்லை. கிராமப்புறத்தில் இப்பிரச்சினை முதலில் மனைப் பிரச்சினை. கூரை அதற்கு அடுத்தது. ஸ்தாபனங்கள் பல ஒன்றுகூடி வீடு கட்டித் தரும் முயற்சிகளை மதிப்பிடுகையில் எத்தனை வீடுகள் எழுந்தன என்று கேட்பதைவிட, யார் பெயர் பட்டியலில் ஏறியது, அதை ஏற்றியவர் யார் என்று கேட்பதே முறை என்பது என் அபிப்பிராயம். இதற்கு நாகப்பட்டினம் ஜில்லாவைப் போன்ற சான்று வேறொன்று கிடைப்பது அரிது.

பழைய தஞ்சை ஜில்லாவின் பகுதியாக இருந்த இந்தப் பிரதேசத்தில் பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் மனையில் நின்றது. கூலி உயர்வு கேட்டவன் குடியிருப்பையும் இழக்க நேரிட்டது. குடியிருப்போரை வெளியேற்றுவதைத் தடுக்க 1961இல் ஒரு சட்டமும், குடியிருக்கும் மனையையே அவர்களுக்கு உரிமையாக்க 1971இல் மற்றொரு சட்டமும் பிறந்தன. இவ்விரண்டுக்கும் இடையே, 1968 டிசம்பர் 25 அன்று, கூலித் தகராற்றின் உச்சத்தில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். அக்கொடுமைக்குப் பின் அங்கே வந்து தங்கிப் பணியாற்றிய சர்வோதய ஊழியர்களான கிருஷ்ணம்மாளும் ஜகந்நாதனும் 1981இல் ‘லாப்டி’ என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தனர். நிலத்தை விற்க இசைந்த மிராசுதாரையும், கடன் கொடுக்கும் வங்கியையும், அரசாங்கத்தையும், கூலிப் பெண்களையும் ஒரே பேச்சில் கொண்டுவந்து உட்கார்த்தி, நிலத்தை அப்பெண்களின் பெயரிலேயே பதிவு செய்வித்ததுதான் அதன் முறை. வெவ்வேறு நோக்கமுடையவர்கள் எவரும் தமது நோக்கத்தைக் கைவிடாமலேயே ஒரு காரியத்தில் கூடலாம் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை இந்த ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மீனவக் குப்பங்கள் அடியோடு அழிந்தன. உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்திறங்கிய தொண்டு நிறுவனங்களுள் ஒன்று கொடுத்த இடத்திலேயே மற்றொன்றும் கொடுக்க, வேறொரு கிராமம் வெறுங்கையோடு நிற்கும்படியான குழப்பம் நேர்ந்தது. அப்பொழுது, இக்கரையை நன்கு அறிந்திருந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ‘ஸ்நேகா’ என்னும் உள்ளூர் ஸ்தாபனமும் முன்நின்று, சில நாட்களுக்குள்ளாகவே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தி, எந்தக் கிராமத்தில் எது தேவை, யார் எதைச் செய்கிறார்கள் என்ற விவரங்களைத் திரட்டி, ஜில்லா நிர்வாகத்துக்கும் நிறுவனங்களுக்கும் இடையே பாலமாக நின்றன. 2005 மார்ச் 30ஆம் நாளின் 172ஆம் அரசாணை வீடு கட்டும் வேலையைப் பங்கிட்டது: நிலமும் சாலையும் குடிநீரும் அரசாங்கத்தின் பொறுப்பு, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் 300 முதல் 325 சதுர அடி கொண்ட வீட்டைக் கட்டுவது கலெக்டரோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனத்தின் பொறுப்பு, பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும். தார் அட்டைக் கொட்டகைகளில் வெயில் காலத்தைத் தள்ளிய குடும்பங்களுக்கு இந்தப் பங்கீடு வீண்போகவில்லை. நிலம் தேடும் சுமையை அரசாங்கம் ஏற்றிராவிட்டால் எந்த நிறுவனத்தின் பணமும் ஒரு செங்கல்லாகவும் மாறியிராது என்பது மறுக்கவொண்ணாத விஷயம்.

ஆயினும், பயனாளிகள் யார் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்தின் வாயிலிருந்தே வந்தது. மீனவக் கிராமத்தின் நாட்டாரும் பஞ்சாயத்தாரும் ஊரைக் கணக்கிடுவது தலைக்கட்டு முறையால். மணமான ஆண் ஒருவன் வரி கொடுக்கும் குடும்பமே ஒரு தலைக்கட்டு. கடலில் வலை வீசவும் தகராறு தீர்க்கவும் திருவிழா நடத்தவும் நெடுங்காலம் பயன்பட்ட இந்தக் கணக்கை நிவாரணத்துக்கும் வைத்தபொழுது, கணவனை அலை கொண்டுபோன பெண்ணும், தனித்து வாழும் முதியவளும் அதற்குள் அரைகுறையாகவே அடங்கினார்கள். கரையை அடுத்த சேரிகளிலிருந்து வந்து மீன் காயவைத்தும், உப்பளத்திலும் வயலிலும் கூலி செய்தும் பிழைத்த குடும்பங்களோ அந்தக் கணக்கிலேயே இல்லை. படகு இழந்தவன் நேரடியாகப் பாதிக்கப்பட்டவன் ஆனான். படகுக்காரனிடம் கூலி பெற்றவள் மறைமுகமாகப் பாதிக்கப்பட்டவள் ஆனாள். ஒருங்கிணைந்த ஸ்தாபனங்கள் எவ்வளவுக்கெவ்வளவு ஒழுங்காகச் செயற்பட்டனவோ, அவ்வளவுக்கவ்வளவு இந்த விடுபடலும் ஒழுங்காகவே நிகழ்ந்தது என்பது கசப்பான உண்மை.

கட்டடங்களின் குறையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நின்ற ஓட்டு வீடுகளையும் நிழல் மரங்களையும் சில இடங்களில் அழித்து, திண்ணையில்லாக் காங்கிரீட் வரிசைகளை எழுப்பியவர்கள் திருத்திக்கொள்ளத்தக்க பிழையையே செய்தார்கள். பட்டியலில் விடுபட்ட குடும்பத்தின் நிலை அத்தகையதன்று.

ஊர்ப் பஞ்சாயத்தை விலக்கிவிட்டு வேலை நடந்திருக்குமா என்று ஆட்சேபிப்பார் உண்டு. நடந்திராது என்று நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். அந்தப் பஞ்சாயத்தின் கட்டுக்கோப்பு இல்லாதிருந்தால் முதல் வாரத்திலேயே நிவாரணம் வலுத்தவன் கைக்குப் போயிருக்கும். ஆனால் ஒரு சபையைத் துணையாகக் கொள்வது வேறு. அதன் கணக்கையே நீதியாகக் கொள்வது வேறு. குரலுடையவர்களின் சபைகள் தம்முள் கூடுவது எளிது. சங்கமும் பஞ்சாயத்தும் இல்லாத குடும்பத்துக்காக அந்தக் கூட்டத்தில் பேசுபவர் யார் என்பதை ஒப்பந்தத்திலேயே நிர்ணயிக்க வேண்டும். லாப்டியின் பேச்சில் கூலிப் பெண்ணே ஒரு தரப்பாக உட்கார்ந்தாள். கடற்கரையின் ஒப்பந்தத்தில் அவளுக்கு இடமில்லை. இரண்டு முயற்சிகளுக்கும் உள்ள பேதம் பணத்தில் அன்று, இதில்தான் இருக்கிறது.

இனி எந்தக் கிராமத்திலாவது ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி வீடு கட்டப் புகுமாயின், பயனாளிகளின் பட்டியலைச் சேரி, குப்பம், காலனி என்ற பேதமின்றி வீடுவீடாகத் தயாரித்து, கிராம சபையில் ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்து, விடுபட்டவர் எழுந்து கேட்க அவகாசம் கொடுத்து, அதன் பின்னரே கலெக்டரோடு கையெழுத்திட வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன். விதவைகளும் நிலமற்ற கூலிகளும் அந்த வாசிப்பின்போது சபையில் இருக்கும்படி செய்வது, வீடு கட்டும் நிறுவனத்தின் முதல் கடமையாக ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.