வேலை உங்களுடையது... பாராட்டு அவருக்கா? ஆபீஸில் தைரியமாகப் பேச 5 வழிகள்!

ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து ரிப்போர்ட்டை முடித்தது நீங்கள். மறுநாள் மீட்டிங்கில் 'எல்லாம் நான்தான்' என்கிற தொனியில் பேசுவது பக்கத்து சீட்காரர். நீங்களோ டீ பிரேக்கில் ஃப்ரெண்டிடம் புலம்புவதோடு சரி. இதுவே தொடர்ந்தால், அப்ரைசலில் 'இந்த வருஷம் நீங்க என்ன பண்ணீங்க?' என்று கேட்கும்போது, காட்டுவதற்கு உங்களிடம் எதுவுமே இருக்காது.

1. அங்கேயே பேசுங்க!

குற்றம் சாட்ட வேண்டாம்; தகவலைச் சேருங்கள். 'அந்த டேட்டாவை நான்தான் எடுத்தேன். அதுல இன்னொரு பாயின்ட்டும் இருக்கு, சொல்லிடறேன்.' சண்டையே இல்லாமல், வேலை யாருடையது என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

2. ஆளை விடுங்க, விஷயத்தைப் பிடிங்க!

தனியாகப் பேசும்போது, 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்றால் அவரும் எகிறத்தான் செய்வார். 'நேத்து ரிப்போர்ட் பத்திப் பேசினப்போ என் பேர் வரலை. அடுத்த தடவை சேர்த்துச் சொல்லுங்க' என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். குரல் நடுங்குமோ என்று பயமா? இந்த ரெண்டு வரியை வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

3. மெயில் முக்கியம் பாஸ்!

யார் எந்த வேலை என்று பேசி முடித்ததும், 'முதல் பகுதி நான், அடுத்த பகுதி நீங்க' என ரெண்டு வரி மெயில் போடுங்கள். மேனேஜருக்கும் சிசி வையுங்கள். பின்னாளில் பிரச்னை அவர் வரை போனால், அந்த மெயில் பேசும்.

4. கூட்டணி சேருங்க!

ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில், பெண் அதிகாரிகள் ஓர் உத்தியைக் கையாண்டார்கள். ஒருவர் நல்ல யோசனை சொன்னால், இன்னொருவர் அவர் பெயரைச் சொல்லியே அதை மீண்டும் எடுத்துச் சொல்வார். யோசனை யாருடையது என்பதை யாரும் மறக்க முடியாது. நம்பிக்கையான சக ஊழியரோடு நீங்களும் இதைச் செய்யலாம்.

5. எல்லை மீறினால்..?

பாலியல் தொல்லை என்றால், அது 'அட்ஜஸ்ட்' பண்ணிப்போகிற விஷயமே இல்லை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார் குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டு சட்டம். பாதிக்கப்பட்ட பெண், சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்கலாம்.

அமைதியா இருப்பது நல்ல குணம்தான். ஆனா, உங்க உழைப்புக்காக நீங்க பேசலைன்னா வேற யார் பேசுவாங்க?